பத்தொன்பதாவது படி

அலுவலகத்தில் அவருக்கு ஸ்வெட்டர் சார் என்று பெயர். குடிநீர் வாரியத்தின் கணக்குகளெல்லாம் போய்ச் சேருகிற சர்வர் அறைக்கு அவர்தான் பொறுப்பு. இயந்திரங்கள் சூடாகிவிடக் கூடாது என்று அந்த அறையை வருடம் முழுக்கக் குளிரிலேயே வைத்திருப்பார்கள். மற்றவர்கள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு ஃபைலால் விசிறிக்கொண்டிருக்கும்போது, இவர் பழுப்பு நிற ஸ்வெட்டரோடு வெளியே வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். "சார், மலை மேல இன்னிக்கு எப்படி?" என்று புகார்ப் பிரிவுக்காரர் கேட்பார். இருபது வருடமாக அதே கேள்வி, அதே சிரிப்பு. இவரும் "பரவாயில்ல" என்பார். பல நாட்களில் அவர் வாய் திறந்து பேசியது அந்த ஒரு வார்த்தையாகத்தான் இருக்கும்.

வயது ஐம்பத்தாறு. ஒண்டிக்கட்டை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்கள் கேட்டுச் சலித்து ஓய்ந்தே பத்து வருடமாகிறது. ஒரே ஒரு தங்கை, விமானம் ஏறிப் போகிற தூரத்தில். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஒன்றில் அவர் கணினி இருக்கிறது. இன்னொன்று அம்மா இருந்த அறை. அதில் இப்போது துணி காயப்போடுகிறார்.

பதினோரு வருடம் முன்பு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போயிற்று. காது கேட்கும், புத்தி தெளிவு, நாக்குதான் மடங்காது. தண்ணீர் வேண்டும் என்று அவள் கையை ஆட்ட, இவர் ஜன்னலைத் திறக்க, அவள் தலையில் அடித்துக்கொள்ள, ஒரு மாதம் இந்தக் கூத்து நடந்தது. பிறகு இவர் உட்கார்ந்து ஒரு மென்பொருள் எழுதினார். திரையில் படங்கள் இருக்கும். படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல்லை அது பேசும். தண்ணீர், பசி, வலி, ஆமா, வேண்டாம், விளக்கை அணை. பெயர்கூட வைக்கவில்லை. கணினியில் அதைப் போட்டிருந்த ஃபோல்டருக்குப் 'பேச்சு' என்று எழுதியிருந்தார், அதுவே பெயராக நின்றுவிட்டது. அம்மா முதல் நாள் தொட்டது 'வேண்டாம்'. எதைக் கொடுத்தாலும் வேண்டாம் வேண்டாம் என்று அதையே தொட்டு ஒரு மணி நேரம் சிரித்தாள். அவ்வளவு நாள் வாயில் அடைத்துவைத்திருந்த மறுப்பு!

மூன்று வருடம் இருந்துவிட்டு அம்மா போனாள். அவளுக்குப் பயிற்சி கொடுத்த அரசு மருத்துவமனைப் பேச்சுப் பயிற்சியாளர்தான் அடுத்த வருடம் இவரைப் பிடித்து உலுக்கினார். "சார், இதை நீங்களே வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? எல்லாருக்கும் குடுங்க." கொடுத்தார். சும்மா பயன்படுத்த மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், குறை இருந்தால் திருத்தலாம், நல்ல திருத்தமாக இருந்தால் இவர் அதைச் சேர்த்துக்கொள்வார் என்று இணையத்தில் பொதுவில் வைத்தார். இன்றைக்கு நாற்பத்து மூன்று மருத்துவமனைகளில் 'பேச்சு' ஓடுகிறது. எத்தனை பேர் அதன் வழியாகத் தண்ணீர் கேட்கிறார்கள், எத்தனை பேர் அதன் வழியாக வீட்டுக்காரரைத் திட்டுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. மாலையில் வீட்டுக்கு வந்து, ஸ்வெட்டரை ஆணியில் மாட்டி, வந்திருக்கும் புகார்களைப் படித்து ஒவ்வொன்றாகச் சரிசெய்வார். தனியாகத்தான்.

உதவிக்கு ஆள் வராமல் இல்லை. வந்தார்கள். ஆனால் 'பேச்சு' போன்ற ஒன்றைத் திருத்த வேண்டுமென்றால், முதலில் அதை ஓட்டிப் பார்க்கத் தேவையான தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் அவரவர் கணினியில் ஏற்றியாக வேண்டும். அதற்கு இவர் ஒரு வழிமுறை எழுதி வைத்திருந்தார். முப்பத்தேழு படிகள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதில் ஒரு காற்புள்ளிகூடத் தப்பில்லை என்பது அவர் எண்ணம். ஏழு வருடத்தில் இருநூற்றுப் பதின்மூன்று பேர் அந்தப் படிகளில் ஏறினார்கள். முக்கால்வாசிப் பேர் பத்தொன்பதாவது படியில் நின்றார்கள். அங்கே திரையில் ஒரு வரி வரும்: "குரல் இல்லை. வெளியேறுகிறேன்."

ஐயா இது என்ன, அடுத்து என்ன செய்வது என்று எழுதிக் கேட்பார்கள். ஒலி ஏற்பாடெல்லாம் ஏழாம் படியில் வருவது. அதனால் இவருடைய பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஏழாம் படியை மறுபடி கவனமாகப் படிக்கவும்." அதற்குப் பிறகு அவர்கள் வர மாட்டார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று இவர் முணுமுணுத்துக்கொள்வார். என் கணினியில் தினமும் ஓடுகிறதே, அப்புறம் என்ன? வேலைக்கு வந்தவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கூடக் கொடுக்காமல், வாசலிலேயே நிற்க வைத்துப் பாடம் நடத்தினால் எவன் உள்ளே வருவான்? இது அவருக்குத் தோன்றவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது.

இந்த வருட ஆரம்பத்தில் பயிற்சியாளர் அம்மாள் அலுவலகத்துக்கே தேடி வந்தார். சர்வர் அறையில் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி விஷயத்தைச் சொன்னார்.

"சார், எல்லா வார்டுக்கும் புது டேப்லெட் வாங்குறாங்க. எதெதை அதுல போடலாம்னு ஒரு குழு உக்காந்திருக்கு. 'பேச்சு'க்குப் பின்னாடி எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேட்டாங்க. ஒருத்தர்னு சொன்னேன். ஒருத்தர் மட்டும்னா போட முடியாதுன்னுட்டாங்க."

"ஏன் மேடம்? ஏழு வருஷமா ஒரு நாள் நின்னிருக்கா?"

"நிக்கல. ஆனா உங்களுக்கு ஒண்ணுன்னா?" அந்த அம்மாள் சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டார். "ரெண்டாவதா ஒரு பேர் வேணும் சார். சும்மா பேருக்கு இல்ல. உள்ள திறந்து ஒரு திருத்தமாவது பண்ணியிருக்கணும். மூணு மாசம் டைம் வாங்கியிருக்கேன்."

அன்று மாலை அவர் கணினியைத் திறந்து அந்த இருநூற்றுப் பதின்மூன்று பேரின் பட்டியலைப் பார்த்தார். இத்தனை பேர் வந்து போயிருக்கிறார்கள், ஒருவர்கூடத் தங்கவில்லை. முதல் முறையாக அவருக்குப் பயமாக இருந்தது.

இருநூற்றுப் பதினான்காவது ஆள் அடுத்த வாரம் வந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். மனைவிக்குப் பேச்சு போய் ஒன்றரை வருடம். இப்போது அவள் கை நடுங்க ஆரம்பித்து, 'தண்ணீர்' என்று தொடப் போனால் பக்கத்திலிருக்கும் 'வலி'யில் விரல் விழுகிறது. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஏதோ பாடங்களைப் பார்த்துக் கொஞ்சம் கற்றுக்கொண்டு, மூன்று நாள் மல்லுக்கட்டி, பத்தொன்பதாவது படியில் நின்றார். இவர் பழக்க தோஷத்தில் ஏழாம் படியைப் படிக்கச் சொன்னார். மற்றவர்கள் மாதிரி அந்த மனிதர் காணாமல் போகவில்லை. "நான் இதே ஊர்தான் சார். ஞாயித்துக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வரேன். நீங்களே ஏத்திக் குடுத்துருங்க" என்று எழுதினார்.

வந்தார். ஸ்பானர் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் படியிலிருந்து ஆரம்பித்தார். பத்தொன்பதில் வந்து நின்றது. "குரல் இல்லை. வெளியேறுகிறேன்." ஏழாம் படிக்குப் போனார். மறுபடி பத்தொன்பது. மறுபடி ஏழு. நான்கு தடவை. காதுமடல் சிவந்துவிட்டது. லிஃப்ட்காரர் நல்ல மனிதர், ஜன்னல் பக்கம் திரும்பி எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் கடைசியில். "எங்க வேலையில, ரிப்பேர் முடிஞ்சதும் நாங்களே ஏறி மேல போய் இறங்கிக் காட்டணும். அப்பதான் கையெழுத்து போடுவாங்க. நீங்க கடைசியா இதுல எப்ப ஏறிப் பாத்தீங்க?"

"நான் தினம் ஓட்டறேனே."

"அது உங்க வீட்டு லிஃப்டு சார். உங்களுக்குப் பழகிருச்சு. புதுசா ஒருத்தன் ஏறினா?"

நாலரை மணிக்கு லிஃப்ட்காரர் பையைக் கட்டினார். பக்கத்து வீட்டு அக்கா ஐந்து மணி வரைதான் மனைவியோடு இருப்பதாகச் சொல்லியிருந்தாளாம். "பரவால்ல சார், எனக்கு இதுக்கு மேல முடியல. ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் நானும் அவளும் இருக்கிறது. அதையும் இதுல விட்டா பாவம்" என்று சொல்லிப் படியிறங்கிப் போனார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மூன்று மாடிக்கும் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. இந்த முறை கூடமேதான் கோணல் என்று இவருக்குப் புரிந்தது. அந்த மனிதரை ஒரு வாய் காபி குடிக்கச் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, கழித்துக் கட்டிய பழைய கணினி ஒன்றை வாங்கிவந்தார். அம்மா அறையில் துணிக்கொடிக்குக் கீழே அதை வைத்தார். அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்தார். பிறகு, தானே எழுதிய வழிமுறையைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொண்டு, தனக்கு ஒன்றுமே தெரியாது என்று பாவித்து முதல் படியிலிருந்து ஏறினார். சொல்வது எளிது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி நினைப்பது மகா கஷ்டம். மூன்றாம் படியிலேயே, தாளில் இல்லாத ஒன்றை விரல் தானாகச் செய்துவிட்டது. அழித்தார். மறுபடி முதலிலிருந்து. ஐந்தாம் படியில் சொல்லியிருந்த பொருள் இணையத்தில் அந்த இடத்தில் நாலு வருடமாக இல்லவே இல்லை, ஏறியவர்கள் வேறெங்கோ தேடி எடுத்திருக்கிறார்கள். பதினோராம் படி எதற்கு என்று அவருக்கே மறந்துபோயிருந்தது. ஒவ்வொரு தடுக்கலையும் தாளில் பென்சிலால் குறித்தார். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், பதினேழு முறை அழித்து எழுதல். தாளில் எழுத்தைவிடப் பென்சில் கோடு அதிகமாகிவிட்டது. ஒவ்வொரு கோட்டிலும் யாரோ ஒருவர் தடுக்கி விழுந்திருக்கிறார், நான் அவரைக் கவனமாகப் படி என்று சொல்லியிருக்கிறேன் என்று நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஆறாவது ஞாயிறு பத்தொன்பதாவது படியின் அடிவேரைப் பிடித்தார். 'பேச்சு'க்குள் ஆரம்பத்திலேயே ஒரு வரி இருந்தது. யாராவது திருத்துவதற்காக அதைத் திறந்தால், குரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு ஒலிப்பதிவை எடுத்து ஓட்டும். அந்த ஒலிப்பதிவை எங்கிருந்து எடுக்க வேண்டும்? அவருடைய சொந்தக் கணினியிலிருக்கும் ஒரு ஃபோல்டரிலிருந்து. உலகத்தில் வேறெந்தக் கணினியிலும் அது கிடையாது. ஃபோல்டரின் பெயர் 'அம்மா'.

எல்லாம் நினைவுக்கு வந்தது. முதல் வருடம் 'பேச்சு'க்கு என்று தனிக் குரல் கிடையாது, இவர் குரலில்தான் பேசியது. பயிற்சியாளர் சொல்லிக்கொடுக்க, அம்மா ஒவ்வொரு சொல்லாகத் தட்டித் தடுமாறித் திரும்பப் பேசப் பழகியதை இவர் பதிவு செய்து வைத்திருந்தார். அதை வைத்துத்தான் சோதனை செய்தார். பிறகு நல்ல குரல்கள் வந்தன, மருத்துவமனைகளுக்குப் போனவற்றில் எல்லாம் அவைதான். திருத்துகிறவர்கள் திறக்கும் வாசலில் மட்டும் அந்தப் பழைய வரி அப்படியே இருந்துவிட்டது. அம்மா இறந்த வாரம் அந்தக் குரலைக் கேட்கத் தாங்காமல், வரியை எடுத்தெறியவும் மனமில்லாமல், சத்தத்தின் அளவைப் பூஜ்யமாக்கினார். அதோடு மறந்தும் போனார். எட்டு வருடமாக ஒவ்வொரு மாலையும் அவருடைய கணினி அம்மாவின் குரலைத் திறந்து, சத்தமில்லாமல் ஓட்டி, மூடிக்கொண்டிருந்திருக்கிறது. மற்றவர்கள் வந்து தட்டியபோது அங்கே குரல் இல்லை, வெளியேற்றிவிட்டது.

ஃபோல்டரில் அறுபத்தொரு பதிவுகள். சத்தத்தைக் கூட்டி முதலாவதை ஓட்டினார்.

"வந்... துட்டியா."

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மா முழுதாகச் சொன்ன முதல் சொல் அது. சாவித் துவாரத்தில் சாவி திரும்பும் சத்தம் கேட்டதும் தினமும் கேட்பாள். இவர் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே "ம்" என்பார். மூன்று வருடமும் "ம்" தான். வந்துட்டேம்மா என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம், காசா பணமா? துணிகளுக்குக் கீழே உட்கார்ந்து அவர் அழுதார்.

மறுநாள் தங்கைக்கு ஃபோன் செய்தார். விஷயத்தைச் சொல்லி, புதுசாக வருகிறவர்களுக்குச் சோதனைக் குரலாக அம்மாவின் அந்த ஒரு சொல்லையே கொடுக்கலாமா என்று கேட்டார்.

"என்ன அண்ணா பேசறே? போறவன் வர்றவன் எல்லாம் அம்மா குரலைக் கேக்கணுமா? உன் குரலைக் குடேன்."

"ஒரு தடவை கேக்கறியா?"

ஓட்டினார்.

"இது உனக்குச் சொன்னது" என்றாள் தங்கை. "நான் வந்திருந்தப்ப ஒரு வார்த்தை சொல்லல. உனக்கு மட்டும்தான் எல்லாம்." ஃபோனை வைத்துவிட்டாள். கூடப் பிறந்தவர்களின் கணக்கு ஐம்பது வயதிலும் தீராது. மூன்று நாள் கழித்து ஒரு செய்தி அனுப்பினாள்: "குடு. வர்றவங்களை வான்னு சொல்ல அந்த வீட்டுல வேற யார் இருக்கா?"

அதற்குப் பிறகு அவர் வேலை வேகம் பிடித்தது. முப்பத்தேழு படிகளையும் ஒரே கட்டளைக்குள் அடக்கினார். அந்த ஒரு வரியை எழுதி என்டர் தட்டினால் போதும். தேவையானதையெல்லாம் அதுவே தேடி எடுத்து, வந்தவருடைய மற்ற சாமான்களைத் தொடாமல் தனியாக ஒரு மூலையில் அடுக்கி வைத்துக்கொள்ளும். வேண்டாமென்றால் ஒரே வரியில் எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்தும் விடலாம். "குரல் இல்லை. வெளியேறுகிறேன்" என்ற வரியைத் தூக்கி எறிந்துவிட்டு, எது இல்லை, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று மனுஷப் பேச்சில் எழுதினார். அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தார். பதினோரு நிமிடம். கடைசியில் அம்மா கேட்டாள். இந்த முறை அவர் அழவில்லை, லிஃப்ட்காரர் சொன்ன மாதிரி ஏறி இறங்கிப் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு அந்த இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் ஒவ்வொருவராக எழுதினார். "அன்று தப்பு உங்கள் மேல் இல்லை. என் மேல். இப்போது சரிசெய்துவிட்டேன். முடிந்தால் மறுபடி வாருங்கள்." தொண்ணூறு முகவரிகள் செத்துப்போயிருந்தன. ஒருவர் "நீங்கள் யார்?" என்று கேட்டிருந்தார். ஒருவர் அந்தத் தொழிலையே விட்டுவிட்டு இப்போது கோழிப் பண்ணை வைத்திருப்பதாகவும், ஆனாலும் எழுதியதற்குச் சந்தோஷம் என்றும் சொல்லியிருந்தார். ஒரு பெண், "அன்றைக்கு எனக்கு மூளை போதாது என்று நினைத்து நிறுத்திவிட்டேன்" என்று மட்டும் எழுதியிருந்தாள். அந்த வரியை அவர் பல நாள் சுமந்தார். மற்றவர்களிடமிருந்து ஒன்றும் இல்லை. லிஃப்ட்காரரிடமிருந்தும் இல்லை. கெடுவுக்கு ஒன்பது நாள் பாக்கி. கெட்டுப்போனதைச் சரிசெய்துவிட்டால் போனவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்று எந்தச் சட்டமும் இல்லை. மாலைகளில் வந்து, ஸ்வெட்டரை மாட்டி, திரையைத் திறந்து, ஒன்றுமில்லாத பட்டியலைப் பார்த்துவிட்டு மூடினார். அந்த வீட்டில் தான் ஒரு ஆள் இருப்பதே வெளியே யாருக்கும் தெரியாது என்று அவருக்குப் பட்டது.

கெடுவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபோன் வந்தது.

"சார், நான் லிஃப்டு. மன்னிச்சுக்கங்க, அவளுக்கு உடம்பு சரியில்லாம இருந்தது, லெட்டரை நேத்துதான் பாத்தேன். காலைல ஏத்திட்டேன் சார்! டீ போட்டு வச்சுட்டு உக்காந்தேன், ஆறறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. படத்தைக்கூடப் பெருசாக்கிட்டேன், எட்டே வரி. ஆனா ஒண்ணு சார், திறந்ததும் யாரோ ஒரு அம்மா பேசறாங்க. அது சரியா வந்திருக்கா, இல்ல தப்பா?"

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் இவர், தெரியாதவர் மாதிரி.

"இருங்க, மறுபடி ஓட்டறேன். ஸ்பீக்கர்ல போடறேன்."

முன்பின் பார்த்திராத ஒரு அறையின் சத்தங்கள் கேட்டன. மின்விசிறி கிறீச்சிட்டது. நாற்காலியை யாரோ இழுத்தார்கள். பிறகு அந்த அறைக்குள் அம்மா கேட்டாள்: "வந்... துட்டியா."

உடனே இன்னொரு குரல், 'பேச்சு'க்கே உரிய அந்தத் தட்டையான குரல் பதில் சொன்னது: "ஆமா."

லிஃப்ட்காரர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "எங்க வீட்டம்மா சார்! கேட்டதும் தொட்டுட்டா. ஒரே தடவையில விரல் சரியா விழுந்திருச்சு!" சிரிப்பு நடுவில் வேறு மாதிரி ஆயிற்று. "அந்த அம்மா யார் சார்?"

"எங்கம்மா" என்றார் ஸ்வெட்டர் சார். "சரியாத்தான் வந்திருக்கு." தான் சொல்லாமல் விட்ட பதிலை, பேச்சுப் போன ஒரு பெண் சொல்லிவிட்டாள். "உங்க திருத்தத்தை அனுப்புங்க, இன்னிக்கே சேத்துடறேன். உங்க பேரைப் போடணும், எப்படிப் போடட்டும்?"

"என் பேர் எதுக்கு சார்? பெருசாக்கணும்னு சொன்னது அவ. அவ பேரைப் போடுங்க."

"ரெண்டு பேரையும் போடறேன். அங்க ரெண்டு பேர் வேணும்னாங்க, மூணாவே இருக்கட்டும்" என்றார் இவர். பிறகு, நாற்பது வருடத்தில் யாரையும் கேட்டறியாத ஒன்றைத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அடுத்த ஞாயித்துக்கிழமை நான் அங்க வரட்டுமா?"

அந்தப் பக்கம் லிஃப்ட்காரர் திரும்பி மனைவியிடம் ஏதோ சொல்வது கேட்டது. அந்தத் தட்டையான குரல் மறுபடி "ஆமா" என்றது.